பெருவிரலால் மறைத்த முகம்

ராசிபுரத்திலிருந்து சேலம் போகும் பஸ்ஸில் எனக்குப் பக்கத்து சீட்டு ஒரு பூக்கார அம்மாவுக்கு. காதில் சிவப்புக் கல்தோடு, காலடியில் பூக்கூடை, கையில் செல்போன். அதில் சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. அக்காளை ஏமாற்றி நிலத்தை எழுதி வாங்கிய தம்பி திரையில் வரும்போதெல்லாம் அவன் முகத்தைப் பெருவிரலால் மறைத்துவிட்டு, வசனத்தை மட்டும் கேட்டார்.

"ஏனுங்க, மூஞ்சியை மறைக்கறீங்க?" என்றேன்.

"பாத்தா சோறு எறங்காதுங்க. கூடப் பொறந்தவளை ஏமாத்தறவன் எல்லாம் ஒரு ஆளா சாமி?"

"கட்டிவெச்சுத் தோலை உரிக்கோணுமுங்க! அந்தத் தோலுக்குப் பட்டா என் பேர்ல!" என்றேன். பின்சீட்டு வரை சிரித்தார்கள். கோமாளிக்கு அது போதுமே.

"உங்களுக்கு அக்கா, தங்கச்சி?"

"இல்லீங்க. ஒத்தை ஆளு."

அன்று காலையில்தான் பத்திர ஆபீசில், "பட்டா மாத்தறதுக்குத்தான் அக்கா" என்று சொல்லி, என் அக்காளின் பங்கு முக்கால் ஏக்கரை என் பேருக்கு விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கியிருந்தேன். எங்கள் இருவருக்குமே கையெழுத்து பெருவிரல்தான். படிக்காத எனக்குத் திருட மட்டும் தெரிந்திருக்கிறது. மை படிந்த விரலை வழியெல்லாம் உள்ளங்கைக்குள் மடக்கியே வைத்திருந்தேன்.

சேலம் வந்தது. பெரிய உபகாரி மாதிரி பூக்கூடையை எடுத்துக் கொடுக்கும்போது கையை விரித்துவிட்டேன்.

அவர் விரலைப் பார்த்தார். கூடையை வாங்கிக்கொண்டார்.

"எலுமிச்சம்பழம் போட்டுத் தேச்சா பத்திர ஆபீசு மை போயிருமுங்க. வாரேன்."

சாமி என்று சொல்லவில்லை. என் மூஞ்சியைப் பார்க்கவும் இல்லை.