முப்பத்தெட்டுப் பல்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, சென்னைக்கு அந்தப் பக்கம் ஒரு ரேஸ் மைதானத்தில், என் கணக்கு பத்துப் பேர் முன்னால் மண்ணைக் கவ்வியது. இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும்... நான் சுலபத்தில் தப்பை ஒப்புக்கொள்கிற ஆள் இல்லை. இந்த வாரம் வேறு வழியில்லை.

ஐம்பத்திரண்டு வயதில் உங்களுக்கு எதற்கு பைக் ரேஸ் என்று வீட்டிலேயே கேட்டாகிவிட்டது. நீங்களும் கேட்க வேண்டாம்.

சங்கரன்கோவிலில் எங்கள் தெருமுனையில் பைக் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவன் சுடலைமுத்து. அவன் தங்கை மாரி, தனியார் லேப் ஒன்றில் டெக்னீஷியன். வாரத்தில் ஆறு நாள் ஊருக்கெல்லாம் ஊசி குத்தி ரத்தம் எடுப்பாள். ஏழாவது நாள் டிராக் ரேஸ் பைக் ஓட்டுவாள். அதில் வளைவு நெளிவு ஏதும் கிடையாது. நேர் ரோடு, நானூறு மீட்டர். எத்தனை செகண்டில் கோட்டைத் தாண்டுகிறாய்? கேள்வி அது ஒன்றுதான்.

அவள் வண்டி, அண்ணன் பிரித்துக் கோத்த பழைய நூற்றிருபத்தைந்து சிசி. இந்த வருடம் ஒரு ரேஸ் டீம் புதிதாக ஒரு பெண்ணைச் சேர்க்கப்போவதாக அறிவித்திருந்தது. பதினைந்தரை செகண்டுக்குள் ஓட்டிக் காட்ட வேண்டும். பழகிப் பார்க்க ஒரு ஓட்டம், கணக்கில் எடுக்க ஒரு ஓட்டம். வயது இருபத்தேழுக்குள் இருக்க வேண்டும். மாரிக்கு அடுத்த மாதம் இருபத்தெட்டு. ஆகவே, அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

இதில் நான் எங்கே நுழைந்தேன்? பல் கணக்கில்.

பைக்கில் இன்ஜின் பக்கம் ஸ்ப்ராக்கெட் என்கிற சின்னப் பல்சக்கரம் ஒன்று, பின் வீலில் ஒரு பெரிய ஸ்ப்ராக்கெட், இரண்டையும் இணைக்க செயின். பின்னால் பல் அதிகமானால் வண்டி எடுத்த எடுப்பில் பாயும். ஆனால் பாதி தூரத்திலேயே இன்ஜின் உச்சத்துக்குப் போய் அலறும், அதற்கு மேல் வேகம் ஏறாது. பல் குறைந்தால் நீண்ட ஓட்டத்துக்கு நல்லது, கிளம்பும்போது திணறும். சரியான எண்ணிக்கை எது? டாப் கியரில் இன்ஜினின் முழு பலமும் மிகச்சரியாகக் கோட்டில் வந்து தீர வேண்டும். கோட்டுக்கு முன்னால் தீர்ந்தாலும் தப்பு, கோட்டைத் தாண்டியும் மிச்சமிருந்தாலும் தப்பு.

சுடலை இதைக் காதால் கேட்டுச் செய்வான். நான் பேப்பரும் பேனாவும் எடுத்தேன்.

ஆனி, ஆடி முழுக்க ஞாயிறுதோறும் டெஸ்ட். இடம், இளையரசனேந்தல் பக்கம் ஒரு காற்றாலைக்குப் போட்ட தனி ரோடு. தெரிந்தவரின் நிலம், அனுமதி வாங்கியிருந்தோம். இரண்டு பக்கமும் கயிறு கட்டி மறித்துவிட்டு, மேற்கு முனையில் இருந்த வேப்பமரத்தடியில் டூல்ஸைப் பரப்புவோம். மாரி அங்கிருந்து கிழக்கே பாய்வாள். திரும்பி வரும்போது இன்ஜின் ஆறட்டும் என்று மெதுவாக உருட்டிக்கொண்டு வருவாள். நான் செல்போனில் நேரம் பார்ப்பேன்.

நாற்பத்திநாலு பல் போட்டோம். கோட்டுக்கு வெகு முன்னாலேயே இன்ஜின் அலறியது. பல்லைக் குறை என்றேன். நாற்பத்திரண்டு... அப்போதும் அலறல். நாற்பது... இன்னும் கொஞ்சம் என்றேன். முப்பத்தெட்டில் எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. பதினைந்து செகண்டுக்கும் கீழே. சந்தோஷத்தில் எனக்கு நிலைகொள்ளவில்லை.

அன்றைக்கு மாரி ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு ஒரு வார்த்தை சொன்னாள். "அண்ணாச்சி, திரும்பி வரயில நெஞ்சுல கைய வச்சுத் தள்ளுத மாதிரி இருக்கு. ஒருவாட்டி அந்தப் பக்கத்துல இருந்து ஓட்டிப் பாக்கட்டா?"

"அது எப்பவும் மேக்க இருந்து அடிக்கிற மேகாத்து தானட்டி. கணக்கு சரியா வந்த பெறவு எதுக்குக் கெடுக்கணும்?" என்றேன். அதோடு நிறுத்தினேனா? குட்டியானை வேனில் வண்டியை ஏற்றும்போது, மற்ற பெரிய ஸ்ப்ராக்கெட்டெல்லாம் எதற்கு வீண் சுமை என்று ஒர்க்‌ஷாப்பிலேயே இறக்கிவைக்கவும் சொன்னேன்.

ரேஸ் மைதானத்தில் இலை அசையவில்லை.

பழகிப் பார்க்கும் ஓட்டம். பச்சை விளக்கு விழுந்தது. கிளம்பும்போதே வண்டி முனகியது. நாலாவது கியர் வரைக்கும் எப்படியோ சமாளித்தாள். டாப் கியர் போட்டதும் படுத்துவிட்டது. பலகையில் நேரம் எரிந்தது — பதினாறு புள்ளி நாலு. டீம் மேனேஜர் தன் தாளில் எதையோ குறித்துக்கொண்டு அடுத்த பெண்ணைப் பார்க்கத் திரும்பிவிட்டார்.

பெட்ரோல் சரியில்லையோ என்றேன். செயின் டைட்டோ என்றேன். மாரி வண்டியை ஸ்டாண்டில் போட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை.

"காத்து இல்ல அண்ணாச்சி" என்றாள். "அங்கன காத்துல்லா என்னையத் தள்ளிக்கிட்டுப் போச்சு."

ஆனி ஆடியில், மலையிலிருந்து இறங்கி வரும் காற்றில், அதுவும் ஒரு காற்றாலைக்குக் கீழே நின்றுகொண்டு, காற்றைக் கணக்கில் விட்டிருக்கிறேன். தலைக்கு மேலே அந்த மூன்று இறக்கையும் எந்நேரமும் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. எங்கள் ஊர்க்காரனைத் தவிர வேறு யாருக்கு இந்தத் தப்பு வரும்? வெளியூர்க்காரன் என்றால் வண்டியை விட்டு இறங்கியதுமே வேட்டியைப் பிடித்துக்கொண்டு, என்னய்யா காற்று இது என்று கேட்டிருப்பான். நாங்கள் அதிலேயே பிறந்து வளர்ந்தவர்கள்.

முதுகில் அடிக்கிற காற்றை யாருமே காற்று என்று எண்ணுவதில்லை, கவனித்திருக்கிறீர்களா? அதை நம் திறமை என்றே எழுதிக்கொள்கிறோம். நான் வேலைக்குச் சேர்ந்த ஆபீசில் மேலதிகாரி என் மாமாவோடு ஒன்றாகப் படித்தவர். சொந்தக் காலில் நின்று முன்னுக்கு வந்தேன் என்று இருபத்தைந்து வருடமாக எல்லோரிடமும் சொல்லிவருகிறேன். இதே பக்கத்தில் இதற்கு முன் இரண்டு முறை எழுதியும் இருக்கிறேன்.

சரி, மைதானத்துக்கு வருவோம். அடுத்த ஓட்டத்துக்கு நாற்பது நிமிடம். பின் ஸ்ப்ராக்கெட் மாற்ற வழியில்லை, எல்லாம் ஊரில் கிடக்கிறது. சுடலை தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"நம்மதான் கெடுத்தோம் அண்ணாச்சி. புள்ள ரெண்டு மாசமா லீவு நாள்ல ஒரு நாள் கூட வீட்ல இருக்கல."

மாரி தன் பையிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து அவன் மடியில் போட்டாள். உள்ளே இன்ஜின் பக்கம் மாட்டுகிற சின்ன ஸ்ப்ராக்கெட். இப்போது வண்டியில் இருப்பது பதினாலு பல். இது பதிமூணு.

"முன்னால ஒரு பல்லக் கொறச்சா பின்னால மூணு பல்லு கூட்டுன மாதிரில்லா? முப்பத்தெட்டு நாப்பத்தொண்ணாயிரும். மாட்டுண்ணே."

"இத என்னைக்குட்டி எடுத்து வச்ச?" என்று கேட்டேன்.

"நீங்க எல்லாத்தையும் எறக்கச் சொன்னீங்கல்லா, அன்னைக்கே. உங்ககிட்ட சொன்னா அதையும் எறக்கச் சொல்லுவீங்க."

சொல்லியிருப்பேன்தான்.

சுடலை கழற்றி மாட்டினான். சின்னதை மாட்டியதும் செயின் தொய்ந்தது. பின் வீலைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து இறுக்கினான். என் வேலை? ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தது. கேட்ட நம்பரை மட்டும் கொடுத்தேன், வேறு யோசனை எதுவும் கொடுக்கவில்லை.

இரண்டாவது ஓட்டம். வண்டி கிளம்பிய சத்தத்திலேயே சுடலை என் கையைப் பிடித்துவிட்டான். ஒவ்வொரு கியருக்கும் ஏறியது. டாப் கியரிலும் படுக்கவில்லை. கோட்டைத் தாண்டும்போதுதான் இன்ஜின் தன் உச்சக் குரலைத் தொட்டது. பலகையைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. சுடலைதான் படித்துச் சொன்னான். பதினைந்து புள்ளி மூன்று. சொல்லும்போதே அழுதுவிட்டான். நான் அழவில்லை என்று எழுதினால் அவன் இதைப் படித்துவிட்டுச் சண்டைக்கு வருவான்.

டீம் மேனேஜர் எங்களை நோக்கி வந்தார். வண்டியின் பின்னால் குனிந்து பல்லை எண்ணினார், முன்னால் எட்டிப் பார்த்தார். மாரி அப்போதுதான் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றிருந்தாள்.

"அரை மணி நேரத்தில ஒரு செகண்டுக்கு மேல குறைச்சிருக்கீங்க. இந்த வண்டிக்கு கியரிங் பார்க்கிறது யாரு?" என்றார்.

"நாந்தான் சார்" என்றாள் மாரி, ஹெல்மெட்டைக் கழற்றாமலே.

என் கை அதற்குள் பாதி உயரம் போய்விட்டது. இன்னொரு கையையும் சேர்த்து, கைதட்டி முடித்துக்கொண்டேன்.