வெறும் பக்கத்தில் வாங்கிய கையெழுத்து

கையெழுத்து கோணல்தான், பிழையும் இருக்கும். ஐந்தாவதோடு நின்றவன், பொறுத்துக்கொண்டு படியுங்கள். நேற்று விழுப்புரம் தபால் நிலையத்தில் ஸ்டாம்ப் பேடு மை வாசனை மூக்கில் ஏறியதும், செல்வி பஞ்சாயத்துத் தலைவியாக இருந்த நாட்கள் நினைவுக்கு வந்துவிட்டன.

செல்வி என் மனைவி. திண்டிவனம் பக்கம் எங்கள் ஊர். இருவரும் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கப் போகிற கூலிகள். தலைவர் பதவியைப் பெண்களுக்கு ஒதுக்கியபோது மகளிர் குழுப் பெண்கள் அவளை நிறுத்தி ஜெயிக்க வைத்தார்கள். ஆனால் மனைவி ஜெயித்தால் புருஷன்தான் தலைவர் என்பது ஊர் வழக்கம். டீக்கடையில் எனக்குத் 'தலைவரே' பட்டம். நாலு பேர் முன்னால் தும்மக்கூடக் கூச்சப்படுகிற எனக்கு அது உள்ளூரப் பிடித்திருந்தது, பொய் சொல்வானேன்.

பஞ்சாயத்து எழுத்தர் தீர்மான நோட்டை என்னிடம்தான் கொடுப்பார். வெறும் பக்கத்தின் அடியில் செல்வியின் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி வரவேண்டும், தீர்மானத்தை அவர் எழுதுவது பிறகு. களி கிண்டிக்கொண்டே செல்வி எதற்கென்று கேட்பாள். தெரு லைட்டுக்கு என்று வாய்க்கு வந்ததைச் சொல்வேன்.

ஒரு கிராம சபையில் எழுத்தர் அப்படி எழுதிய தீர்மானத்தை வாசித்தார்: புது போர்வெல், பெரிய நிலக்காரர் கொல்லை ஓரத்தில். எங்கள் காலனிக்குத் தண்ணீர் என்று சொல்லித்தான் செல்வி ஓட்டுக் கேட்டிருந்தாள். பின்னால் பெண்களோடு நின்றவள் முன்னால் வந்தாள். அவள் நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன்.

"கையெழுத்து என்னுதுதான். இத நான் சொல்லல."

"கையெழுத்த போட்டுட்டு இன்னாமா பேஜாரு பண்ற? உன் வூட்டுக்காரனயே கேளு" என்றார் நிலக்காரர்.

அவர் நிலத்தில்தான் எனக்கு வேலை. செல்வி என்னைத் திட்டவில்லை. "நடந்தத சொல்லு மாமா" என்றாள், அவ்வளவுதான்.

எழுந்தேன். "வெறும் பக்கத்துலதான் வாங்கியாந்தேன். செல்விக்கு ஒண்ணும் தெரியாது. தப்பு என்னுது."

இனிமேல் வீட்டில் இவனுக்குச் சோறு கிடைக்குமா என்று ஒருவர் கேலி செய்தார். பின்னாலிருந்து ஓர் அக்கா, "தண்ணி வந்தா ஆக்கிப் போடுவா, நீ குந்து" என்றாள்.

நாற்காலியில் செல்வி உட்கார்ந்தாள். அந்தப் பக்கத்தைக் கோடு போட்டு அடித்து, காலனி முனை என்று எல்லோர் முன்னாலும் எழுத வைத்து, வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே கையெழுத்திட்டாள். எனக்கு அந்த நிலத்தில் வேலை போயிற்று. முண்டியம்பாக்கத்தில் கட்டட வேலைக்குப் போனேன்.

அவள் பதவி முடிந்து வருஷங்கள் ஆகின்றன. இன்று எங்கள் ஊரில் வெறும் பக்கத்தில் யாரும் கையெழுத்துக் கேட்பதில்லை. சபையில் பின்னால் நிற்கிற பெண்களும் இல்லை; முன்னால் உட்கார்ந்து, வாசிக்கச் சொல்லிக் கேட்கிறார்கள். அன்றைக்கு என்னைப் பேச வைத்ததற்கு அவளுக்கு நன்றி சொல்ல நினைத்து, நினைத்து, வாய் வராமல் இப்படி எழுதிவிட்டேன்.

ஆடி மாதம், இரண்டாம் வெள்ளிக்கிழமை.