சமையலறையில் ஆறு பித்தளை டம்ளர்கள்

எங்கள் சமையலறைக்குள் முதல்முறை வருகிறவர்கள் யாரும் உடனே உட்கார மாட்டார்கள். கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும் என்றுதானே மாட்டி வைத்திருக்கிறேன்! இங்கே பர்மாவில், லான்மடா பேட்டையில் மூன்றாவது மாடி, ரயில் பெட்டி மாதிரி நீண்டு கிடக்கும் வீடு, அதன் கடைசியில் சமையலறை. ஒரு சுவர் முழுக்கப் பூப்போட்ட எனாமல் தட்டுகள். ஜன்னலுக்கு மேலே தேக்குச் சட்டத்தில் பழைய டிபன் கேரியர்கள், பச்சையும் நீலமுமாக. பக்கத்துப் பேட்டையான லத்தாவில் ஒரு சீனக் கடையை மூடியபோது வாங்கிய தேயிலை ஜாடிகளில் மஞ்சளும் மிளகாய்த்தூளும் இருக்கின்றன. அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு தராசு. ஒரு தட்டில் பூண்டு, இன்னொரு தட்டில் சின்ன வெங்காயம். எந்தத் தட்டு தாழ்ந்திருக்கிறதோ அன்றைக்கு அதை அதிகமாகப் போட்டுச் சமைப்பேன்.

என் கணவர் இந்த இடத்தைச் சமையலறை என்று சொல்லவே மாட்டார். "டீ குடிக்க நான் காயலான் கடைக்கு வரவா, இல்ல நீ இங்க கொண்டு வர்றியா?" என்று கூடத்திலிருந்து குரல் கொடுப்பார். காயலான் கடையில் டீ கிடைக்காது என்று சொல்லிவிட்டு நான் பாட்டுக்கு என் வேலையைப் பார்ப்பேன். ஐந்து நிமிடத்தில் தானே எழுந்து வந்துவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமை என்றால் நான் ஊரைச் சுற்றி ஓடும் வட்ட ரயிலேறி இன்சீன் சந்தைக்குப் போய்விடுவேன். சந்தைக்குப் பின்னால் ஒரு பர்மியக்காரர் தார்ப்பாய் விரித்துப் பழைய சாமான் விற்கிறார். அவரிடம் எனக்குப் பிடித்த பொருளைத் தொடவே மாட்டேன். அதற்குப் பக்கத்தில் இருப்பதை எடுத்து விலை கேட்பேன். இத்தனை வருஷப் பழக்கத்தில் அவருக்கு அது அத்துப்படி. "அமா, அந்தப் பானையை நீ வாங்கப் போறதில்ல. எது வேணும்னு வெயில் ஏறதுக்குள்ள சொல்லிடு" என்பார். பர்மியர்கள் அக்காவை அமா என்பார்கள். அவர் அமா என்று இழுத்தாலே, விலையை ஏற்றப் போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

அந்த ஆறு பித்தளை டம்ளர்களும் அவரிடம் வாங்கியவைதான். வாய் விரிந்து, இடுப்பு ஒடுங்கி, கையில் எடுத்தால் கனம் தெரியும். வீட்டுக்குக் கொண்டுவந்து புளி போட்டு வெளிப்புறத்தைப் பொன்னாகத் தேய்த்தேன். அடிப்பாகத்தை மட்டும் கறுப்பாகவே விட்டேன். பழைய பொருள் என்பதற்கு ஓர் அத்தாட்சி வேண்டாமா?

இந்த நேரத்தில்தான் என் மகள் ஒரு பையனைப் பற்றிச் சொன்னாள். இரண்டு பேருக்கும் ஒரே அலுவலகம். அவர்களே பேசி முடிவு செய்துவிட்டார்கள், பெரியவர்கள் வந்து பார்க்க வேண்டியதுதான் பாக்கி. பையனுக்கு வீடு இன்சீனில். அப்பா ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், சாது. அம்மாவைப் பற்றித்தான் ஊரெல்லாம் பேச்சு. மூத்த பையனுக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில் விளக்கு ஏற்றும்போது திரி அணைந்துவிட்டது என்று, வைத்த பலகாரத்தைத் தொடாமல் எழுந்து வந்தவர். அந்தச் சம்பந்தம் அதோடு போயிற்று. இதை என் மகள்தான் சொன்னாள். அவர் வேண்டாம் என்றால் பையன் அம்மாவை மீற மாட்டான் என்று அவளுக்குத் தெரியும்.

"அம்மா, அன்னைக்கு ஒரு நாள் மட்டும் கண்ணாடி டம்ளர்ல குடுங்க. அந்தப் பழசையெல்லாம் எடுக்காதீங்க" என்று கெஞ்சினாள்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "என் சமையலறை பிடிக்காதவங்க வீட்டுக்குப் போயி நீ என்ன பண்ணப் போறே?" என்றேன். அத்தோடு விட்டேனா? ஆறு டம்ளர்களையும் அவள் மடியில் வைத்து, "நல்லாத் தேச்சு வை" என்றும் சொன்னேன். அவளும் கோபத்தில் மேலே, கீழே, உள்ளே, வெளியே என்று ஓரிடம் விடாமல் தேய்த்து வைத்துவிட்டாள்.

அவர்கள் வந்தது காலை பத்து மணிக்கு. வந்து உட்கார்ந்ததும் மின்சாரம் போயிற்று. கூடத்தில் மின்விசிறி நின்று புழுங்க ஆரம்பித்தது. காற்று வருவது சமையலறை ஜன்னலில்தான். "உள்ள வந்து உக்காருங்க" என்று எல்லோரையும் அங்கே அழைத்துப்போனேன். மின்சாரம் போனதில் எனக்கு உள்ளூரச் சந்தோஷம் என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

பையனின் அம்மா சுவரைப் பார்த்தார். எழுந்துபோய் ஒரு எனாமல் தட்டின் விளிம்பை விரலால் தடவினார். "இதே பூப்போட்ட தட்டு எங்க வீட்டுல இருந்துச்சு. எங்க அம்மா அதுலதான் மீன் பொரிச்சு வெப்பாங்க" என்றார். முகம் மலர்ந்திருந்தது. நான் மகளைப் பார்த்து ஒரு புருவத்தை உயர்த்தினேன். அவளும் சிரித்துவிட்டாள். அந்த ஒரு நிமிடம் எனக்குத் தலைகால் புரியவில்லை.

வந்தவர்களுக்கு முதலில் தண்ணீர் கொடுக்க வேண்டுமே. ஆறு டம்ளர்களிலும் ஊற்றி மேசையில் வைத்தேன். பையனின் அப்பா மூன்று மாடி ஏறி வந்த களைப்பில் இருந்தார். பழைய காலத்து மனிதர், உதட்டில் படாமல் டம்ளரை உயரத் தூக்கி, அண்ணாந்து மடமடவென்று குடித்தார். எதிரே உட்கார்ந்திருந்த அவருடைய மனைவியின் கண்ணுக்கு நேராக டம்ளரின் அடி இருந்தது. அவர் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே நின்றது.

"அதக் கொஞ்சம் குடுங்க" என்று கணவரிடமிருந்து டம்ளரை வாங்கிக் கவிழ்த்தார். மிச்சத் தண்ணீர் அவர் புடவையில் கொட்டியது. அதை அவர் கவனிக்கவில்லை. உதடு மட்டும் அசைய எதையோ படித்துவிட்டு டம்ளரை என் பக்கம் நகர்த்தினார்.

புள்ளி புள்ளியாகப் பொறித்த தமிழ் எழுத்து. ஓர் ஆளின் பெயர், அதற்குக் கீழே 'நினைவாக' என்று இருந்தது.

யாராவது இறந்துபோனால் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்து சாப்பிடுகிறவர்களுக்குப் பெயர் பொறித்த பாத்திரம் கொடுத்து அனுப்புவது எங்கள் ஜனத்தின் வழக்கம். திரி அணைந்ததற்கே எழுந்து போனவருக்கு, பெண் பார்க்க வந்த இடத்தில் கருமாதி டம்ளரில் தண்ணீர் கொடுத்திருக்கிறேன்.

சட்டென்று மகளைத்தான் முறைத்தேன். "தேய்க்கறப்ப எழுத்து தெரிஞ்சுதும்மா. கடைப் பேருன்னு நெனச்சேன்" என்றாள். அவளுக்குத் தமிழ் பேச வரும், படிக்கத் தெரியாது. சின்ன வயதில் கோயில் தமிழ் வகுப்புக்குப் போக இருந்தவளை டியூஷன் முக்கியம் என்று நிறுத்தியதே நான்தான். இதில் யாரைத் திட்டுவது?

என் கணவரைப் பார்த்தேன். எதற்கெடுத்தாலும் கேலி பேசுகிறவர், தன் முன்னால் இருந்த டம்ளரை மெதுவாகத் தள்ளி வைத்தார். பையன் குனிந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தப்பு என் மேலதாங்க. புள்ள வேணாம்னுதான் சொன்னா. நான்தான் பவிசு காட்டறதுக்காக இதுல ஊத்துனேன். அடியத் திருப்பிப் பாக்கல. கோவம் இருந்தா என்னத் திட்டுங்க, அவள மனசுல வெச்சுக்காதீங்க" என்றேன். இத்தனை தட்டும் ஜாடியும் எதற்கு என்று அந்த நேரத்தில் வெறுத்துப்போயிற்று.

பையனின் அம்மா டம்ளரைத் தன் பக்கம் இழுத்து, ஈரத்தை முந்தானையால் துடைத்தார்.

"எங்க அம்மா போனப்ப நானும் குடுத்தேன்" என்றார். "எவர்சில்வர்தான், ஆனாலும் நல்ல கனமாப் பாத்து வாங்கி, பேரு வெட்டி, வந்தவங்க அத்தன பேருக்கும் என் கையாலயே குடுத்தேன். அப்புறம் எத்தன வீட்டுக்குப் போயிருக்கேன். ஒரு வீட்டுலயும் அதுல ஒரு வாய்த் தண்ணி குடுத்து நான் பாத்ததில்ல. பரண்ல போட்டிருப்பாங்க, இல்ல வித்திருப்பாங்க. வாய விட்டுக் கேக்கவா முடியும்?"

கீழே தெருவில் யாரோ பேரம் பேசுவது கேட்டது.

அவர் தன் முன்னால் இருந்த டம்ளரை எடுத்தார். உயரத் தூக்கி, ஒரு சொட்டு சிந்தாமல் முழுவதையும் குடித்தார். பிறகு அடியில் இருந்த பெயரைச் சத்தமாக, ஒவ்வோர் எழுத்தாக நிறுத்திப் படித்தார். "யாரு பெத்த புள்ளையோ. தாகத்துக்குத்தான் குடுத்திருக்காரு. எல்லாரும் குடிங்க" என்றார்.

குடித்தோம். என் மகள் குடித்தாளா, அழுதாளா என்று சொல்ல முடியாது. இரண்டும் சேர்ந்துதான் நடந்தது.

அவர் டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அடுத்த தடவ சந்தைக்குப் போறப்ப அடியத் திருப்பிப் பாருங்க, சம்பந்தி. எங்க அம்மா பேரு இருந்தா எனக்கு எடுத்து வைங்க."

"வெக்கிறேன், சம்பந்தி" என்றேன்.