சாந்திக்கு ஓர் அலைப்பலகை: ஹட்டனில் செய்து வெலிகமவில் மிதக்கவிட்டது

இந்த வருடம் தைப்பொங்கலோடு சேர்த்து எனக்கு நான்கு நாள் விடுமுறை கிடைத்தது. ஊருக்குப் போனதற்குப் பொங்கல் ஒரு காரணம். இன்னொரு காரணம், ஒரு பலகை செய்ய வேண்டியிருந்தது. கடலில் குப்புறப் படுத்துக்கொண்டு அலையோடு கரைக்கு வருவதற்கான பலகை. கடலே இல்லாத தேயிலை மலைக்குப் போய் ஏன் அதைச் செய்ய வேண்டும் என்று கேட்பீர்கள். அதில் படுக்கப்போகிறவள் அங்கேதான் இருக்கிறாள். அவள் உயரத்தையும் எடையையும், முக்கியமாக அவளுடைய இடது கையையும் பார்த்துத்தான் பலகையை வெட்ட முடியும்.

அவள் பெயர் சாந்தி. றொசல்லப் பக்கம் ஒரு தோட்டத்தில், தொழிலாளர் வரிசைவீடான ஒரே லயத்தில், பக்கத்துப் பக்கத்து வீட்டில் பிறந்தவர்கள் நாங்கள். நான் இப்போது கொழும்பில் ஓர் அச்சகத்தில் வேலை செய்கிறேன். அவள் அதே தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறாள். இரண்டு வருடங்களுக்கு முன் வேலைத்தள நண்பர்களோடு தென்கடற்கரையில் உள்ள வெலிகம போனபோது நான் முதன்முதலாக அலைப்பலகையில் படுத்தேன். நண்பர்கள் எடுத்த வீடியோவை சாந்திக்கு அனுப்பினேன். அரை மணி நேரத்தில் குரல்பதிவு வந்தது.

"என்னாடி கலா, குப்புறப் படுத்துகிட்டு வர்ற? நம்ம புல்லுமேட்டுல சறுக்குனது மாதிரில்ல இருக்கு! எனக்கும் ஒண்ணு செஞ்சு குடுடி."

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறை பேசும்போதும், "என் பலகை என்னாச்சு?" என்று கேட்கத் தொடங்கிவிட்டாள்.

கொழும்புக் கோட்டையில் காலை எட்டரை ரயிலைப் பிடித்தேன். எங்கள் தோட்டத்துக்குப் பக்கத்து நகரமான ஹட்டனுக்கு ஏறத்தாழ 173 கிலோமீட்டர். ஐந்து மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்பதிவு இல்லாமல் மூன்றாம் வகுப்பில் போகிறவர்கள் எட்டு மணிக்கு முன்பே மேடையில் நிற்பது நல்லது. இந்த ரயில் றொசல்லயில் நிற்காது. ஆனால் அந்த நிலையத்தைத் தாண்டிய கொஞ்ச நேரத்தில், வலது பக்க ஜன்னலில் எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த புல்மேடு ஒரு நிமிடம் தெரியும். இப்போது அதில் பாதிக்கு மேல் கருப்பந்தேயிலை என்று நாங்கள் சொல்லும் யூகலிப்டஸ் மரம் வளர்ந்துவிட்டது.

அந்தக் காலத்தில் தேயிலையை மரப்பெட்டியில் அடைத்து அனுப்புவார்கள். உடைந்த பெட்டியின் ஒரு பக்கப் பலகை கிடைத்தால் எங்களுக்குத் திருவிழாதான். அடிப்பக்கம் மெழுகுதிரியைத் தேய்த்து, பனி காயாத புல்லில் போட்டு, குப்புறப் படுத்துச் சறுக்குவோம். மூக்குக்கு இரண்டு அங்குலம் கீழே புல் ஓடும். வாயைத் திறந்தால் புல்லோடு பூச்சியும் உள்ளே போகும். நானும் சாந்தியும் மாற்றி மாற்றிப் படுத்து, கவுன் எல்லாம் பச்சையாகி வீட்டுக்குப் போய் அடி வாங்குவோம். பதினொரு வயதில் ஒரு நாள் இரண்டு பேரும் ஒன்றாகப் போனோம். அவள் படுத்திருந்தாள், நான் அவள் கால்மேல் உட்கார்ந்து திருப்பினேன். திருப்பம் பிழைத்துக் கீழே மழைத் தண்ணீர் ஓடும் கல்லுக் கானுக்குள் விழுந்தோம். எனக்கு முழங்காலில் சிராய்ப்பு. அவளுக்கு இடது மணிக்கட்டு உடைந்தது. அது கொஞ்சம் கோணலாகவே சேர்ந்தது. இன்றைக்கும் அந்த உள்ளங்கையைத் தரையில் முழுதாக ஊன்ற அவளால் முடியாது.

ரயில் சுரங்கத்துக்குள் போய் வெளியே வந்ததும் ஹட்டன். சாந்தி நிலையத்துக்கே வந்திருந்தாள். நாங்கள் நானா, அதாவது அண்ணன், என்று கூப்பிடும் ரபீக்கின் மரக்கடைக்கு நேராகப் போனோம். எனக்கு வேண்டியதைச் சொன்னதும் அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு எங்களைப் பார்த்தார்.

"கடலுக்குப் போற பலகையா? அட்டன்லயா?"

"ஆமா நானா. தண்ணியில விட்டுக்காத ப்ளைவுட் வேணும்."

"யாரு போறது?"

"நான்தான்," என்றாள் சாந்தி.

நானா அதற்கு மேல் கேட்கவில்லை. உள்ளே போய்ப் படகுக்குப் பயன்படும் ரக ப்ளைவுட்டில் ஆறு மில்லிமீட்டர் துண்டுகள் இரண்டு கொண்டுவந்தார். மிச்சத் துண்டுகள் என்பதால் இரண்டும் 3,800 ரூபாய். இரண்டு குழாய்களைக் கலந்து பூசும் எபோக்சி பசை 2,200. சாதாரண ப்ளைவுட் வாங்காதீர்கள். உப்புத் தண்ணீரில் நாலே நாளில் ஏடு ஏடாகப் பிரிந்துவிடும்.

சாந்தியைக் கடையிலேயே சுவரோடு நிறுத்தி அளந்தோம். உயரம் நாலடி பத்து. பலகையைத் தரையில் நிறுத்தினால் தொப்புளுக்குக் கொஞ்சம் மேலே வர வேண்டும்; அவளுக்கு நாற்பது அங்குலம் சரியாக இருந்தது. அகலம் இருபது அங்குலம். பழகியவர்கள் குறுகலாக வைப்பார்கள், வேகம் வரும். முதல் தடவை படுக்கிறவருக்கு வேகத்தைவிட ஆடாமல் இருப்பதுதான் வேண்டும். முன்பக்கம் அரைவட்டம், பின்பக்கம் நேர்வெட்டு, மூலைகளை மட்டும் உருட்டிவிட்டோம். நானா தன் மின்வாளால் பத்து நிமிடத்தில் வெட்டிக் கொடுத்தார்.

ஹட்டனிலிருந்து தோட்டத்துக்குப் போகும் சந்தி வரை பஸ்ஸில் அரை மணி நேரம். அங்கிருந்து லயத்துக்கு இரண்டு கிலோமீட்டர் ஏற்றம். வெளிச்சம் இருக்கும்போதே இரண்டு துண்டுகளையும் பசை பூசி ஒட்டினோம். முன்னுனிக்கு அடியில் இரண்டு அங்குல உயரக் கட்டை வைத்து, மற்ற இடமெல்லாம் கல்லும் அரிசி மூட்டையும் ஏற்றினோம். பசை இறுகியதும் நுனி அப்படியே மேல்நோக்கி வளைந்து நின்றுவிடும். நுனி வளையாவிட்டால் பலகை அலைக்குள் குத்தி, ஆளைத் தலைகுப்புறப் புரட்டும். பசைப் பெட்டியில், இறுகப் பன்னிரண்டு மணி நேரம் என்று எழுதியிருந்தது. அந்தக் குளிரில் எங்களுக்கு முப்பது மணி நேரம் பிடித்தது. இடையில் பொங்கல் வந்து போனது.

சனிக்கிழமை மத்தியானம் இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து சாண்ட்பேப்பரால் விளிம்புகளைத் தேய்த்தோம். இடது கைக்கு என்ன செய்வது என்பதுதான் பெரிய கேள்வி. முதலில் நான் துணிப்பட்டியில் ஒரு வளையம் வைக்கலாம் என்றேன். அவள் கையை நுழைத்துப் பார்த்தாள்.

"அலை பொரட்டிவிட்டா கைய எடுக்க முடியாதுடி. மறுபடியும் ஒடையும்."

அவள் சொன்னதுதான் சரி. வளையத்துக்குப் பதிலாக, முன்பக்கம் இடது ஓரத்தில் ஓர் அங்குல உயர மரச்சட்டம் ஒட்டினோம். விரலை மடக்கிப் பிடித்தால் போதும். விட்டால் கை உடனே விடுபட்டுவிடும். உள்ளங்கையை ஊன்ற வேண்டியதில்லை.

சட்டத்தின் முனையைத் தேய்த்துக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் அவள் கேட்டாள்.

"அன்னைக்கு ஏன்டி அப்புடிச் சொன்ன?"

என்றைக்கு என்று நான் கேட்கவில்லை. முப்பத்தொரு வருடமாக நாங்கள் பேசாத ஒரே விஷயம் அது. விழுந்த அன்று, பெரியவர்கள் ஓடி வந்தபோது நான் சொன்னேன்: "சாந்தி தனியா சறுக்குனா. நான் மேல நின்னேன்." அவள் அப்பா, உடைந்த கையோடு நின்றவளை எல்லார் முன்னாலும் அடித்தார். பள்ளிக்கூடப் பக்கமே போகக்கூடாது என்று ஒரு தவணை முழுக்க, ஏறத்தாழ மூன்று மாதம், வீட்டில் வைத்தார்.

"பயந்துட்டேன்," என்றேன்.

"எனக்கும்தான் பயம். கை ஒடஞ்சதுக்கு ஒன்னைய நான் ஒண்ணும் சொன்னதில்ல. யாரு திருப்பியிருந்தாலும் விழுந்திருப்போம். எல்லாரும் என்னையத் திட்டுறப்ப நீ பக்கத்துலயே நின்ன பாரு, அதுதான்."

கையில் இருந்த தாள் தேய்ந்து வழவழப்பாகிவிட்டது, அதைக்கொண்டே தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்பா உள்ளதான் இருக்காரு. போய்ச் சொல்லு," என்றாள்.

சாந்தியின் அப்பாவுக்கு எழுபத்து நான்கு வயது. அடுப்புப் பக்கத்தில் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். முன்னால் போய் நின்று, "மாமா, அன்னைக்கு நானும் அந்தப் பலகையில இருந்தேன். நான்தான் திருப்புனேன். பொய் சொல்லிட்டேன்," என்றேன். அவர் ரேடியோவை நிறுத்தினார். வாசலில் நின்ற மகளைப் பார்த்தார்.

"அப்ப ஒன்னைய சும்மாதான் அடிச்சேனா புள்ள?"

"ஆமாப்பா."

அவ்வளவுதான் பேச்சு. மறுநாள் காலை வார்னிஷ் பூசுவதற்காகப் பலகையை ஹட்டனுக்குக் கொண்டுபோகக் கிளம்பினோம். மாமா சட்டை போட்டுக்கொண்டு வெளியே வந்தார். பலகையை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். நான் வாங்கப் போனபோது கொடுக்கவில்லை. சாந்தி, "விடு, வரட்டும்," என்றாள். இரண்டு கிலோமீட்டர் இறக்கத்தில் மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். பஸ் வந்ததும் அவரே உள்ளே ஏறிப் பலகையைக் கம்பியோரம் சாய்த்து வைத்துவிட்டு இறங்கினார். சாந்தி ஜன்னல் வழியாகக் கையை நீட்டி அவர் தோளில் ஒட்டியிருந்த மரத்தூளைத் தட்டிவிட்டாள்.

வார்னிஷைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பனிக்காலத்தில் அது மலையில் லேசில் காயாது. தோட்டத்துப் பேக்டரியில் கொழுந்து வாட்டும் மாடி எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும், அங்கே வைக்கலாமா என்று சாந்தி முன்தினமே கேட்டுப் பார்த்திருந்தாள். "ஒங்க வார்னிஷ் வாடை தேயிலையில ஏறுனா என் வேலை போயிரும்," என்று அங்கிருந்தவர் விரட்டிவிட்டார். நியாயம்தான். ரபீக் நானா தன் கடைப் பின்சுவரைக் காட்டினார். மறுபக்கம் பேக்கரி, சுவர் நாள் முழுக்கச் சூடாக இருக்கும். மூன்று பூச்சுகளையும் அவரே பார்த்துப் பூசி, பத்து நாளில் சாந்தியிடம் கொடுத்தார். கூலி வேண்டாம், கடலில் எடுத்த படம் மட்டும் வேண்டும் என்றார்.

இங்கே மாதாமாதம் பௌர்ணமிக்கு விடுமுறை; அடுத்தது சனிக்கிழமை வந்தது. முதல்நாளே சாந்தி பலகையோடு கொழும்புக்கு வந்துவிட்டாள். காலை ரயிலில் வெலிகம, மூன்று மணி நேரம். மணல் தரை, சின்ன அலை என்பதால் புதியவர்களுக்கு அந்த இடம் பொருத்தம். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரைதான் அங்கே கடல் சாதுவாக இருக்கும்.

நீச்சல் தெரியாதவர்கள் கவனியுங்கள்: இந்த மாதிரிப் பலகை ஆளைச் சுமந்து மிதக்காது. இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, உடைந்து வரும் வெள்ளை நுரை முதுகுக்கு வரும் நேரத்தில் முன்னால் பாய்ந்து படுக்க வேண்டும். அதற்கு மேல் ஆழம் போகவே கூடாது. கூட ஓர் ஆள் கட்டாயம் நிற்க வேண்டும். பலகையின் பின்முனை வயிற்றில் குத்தும், அதனால் தடித்த சட்டை போடுங்கள்.

சாந்தி வீட்டில் அணியும் நீளக் காற்சட்டையும் பழைய பள்ளி விளையாட்டுச் சட்டையும் போட்டிருந்தாள். முதல் அலை பலகையை மட்டும் கொண்டுபோனது. இரண்டாவது அவளைப் புரட்டி, மூக்கிலும் வாயிலும் உப்புத் தண்ணீரை ஊற்றியது. இருமிக்கொண்டே கரைக்குப் போய், "போதும்டி, நான் இங்கயே இருக்கேன்," என்று மணலில் உட்கார்ந்துவிட்டாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். வற்புறுத்த எனக்கு மனமில்லை.

கால் மணி நேரம் கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அலை வந்ததுக்கப்புறம் பாஞ்சா தாமசம். வர்றதுக்கு முன்னாடியே பாயணும், இல்ல?" என்றாள். பலகையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். நான் பின்னால் ஓடினேன்.

இந்த முறை திரும்பி அலையைப் பார்த்து, சரியான நேரத்தில் பாய்ந்தாள். நுரை அவளை மூடியது. அடுத்த நொடி, பலகையின் வளைந்த நுனி முதலில் வெளியே வந்தது. பிறகு அவள் தலை. இடது கை சட்டத்தைப் பிடித்திருந்தது. முப்பது முப்பத்தைந்து மீட்டர் இருக்கும், வயிறு மணலில் உரசும்வரை போனாள். நான் கத்தினேன். அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எழுந்து, பலகையை இழுத்துக்கொண்டு மறுபடியும் கடலுக்குள் நடந்தாள். அன்று பதினேழு முறை போனாள். ரபீக் நானாவுக்கு அனுப்ப நான் எடுத்த படங்களில் பாதியில் அவள் முதுகுதான் இருக்கிறது.

மொத்தத்தில் பலகைக்கு, வார்னிஷும் சேர்த்து, எட்டாயிரத்துக்குள் முடிந்தது. பழகும்வரை வாடகைப் பலகை போதும் என்பவர்கள் அப்படியே செய்யலாம். ஆனால் உங்கள் உடம்பில் ஏதாவது ஒரு இடம் மற்றவர்களைப் போல இல்லையென்றால், உங்களுக்கென்று ஒன்று செய்துகொள்ளுங்கள்.

மறுநாள் மத்தியானம் கொழும்புக்குத் திரும்பி, சாந்தியை ஹட்டன் பஸ்ஸில் ஏற்றிவிடப் போனேன். பலகையை என் வீட்டில் வைத்துவிட்டுப் போகச் சொன்னேன். கடலே இல்லாத ஊருக்கு அதை எதற்குச் சுமக்க வேண்டும் என்றேன். அவள் அதை மடியோடு அணைத்துக்கொண்டு ஜன்னல் சீட்டில் உட்கார்ந்தாள்.

"ஒன்கிட்ட விட்டுட்டுப் போனா நீ வேற யாரையாச்சும் கூட்டிக்கிட்டுப் போயிருவ. என்கிட்ட இருந்தா என்னையக் கூப்புடாம போக முடியாதுல்ல?"