காரிமங்கலத்து டிவியும் ஓர் அரக்குப் புடவையும்

கலர் கிரேடிங் என்பது, ஒரே புடவையைப் பார்த்து ஊரே ஆளுக்கொரு நிறம் சொல்லும்போது அத்தனை பேருக்கும் தலையாட்ட வேண்டிய தொழில். எனக்கோ தலையாட்டவே வராது. கல்யாண வீடியோவுக்கு நிறம் சரிபார்த்து வாங்கிக் கட்டிக்கொண்ட சக பாவிகளே, நியாயத்தை நீங்களே சொல்லுங்கள்.

வெயிலும் நிழலும்

தினமும் மதியம் எம்.எஸ்சி. இயற்பியல் வகுப்பு முடிந்ததும் தர்மபுரியில் ஜபார் பாய் ஸ்டுடியோவில் எனக்கு வேலை. ஆல்பம் ஒட்டத்தான் சேர்த்தார். விடாமல் வாதாடி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். அடுத்த வாதம் எச்.டி.ஆருக்காக. வெயிலில் இருக்கும் வெள்ளை வேட்டியும் நிழலில் இருக்கும் கறுப்புக் குடையும் ஒரே காட்சியில் மடிப்பு மடிப்பாகத் தெரியும்படி எடுக்கிற முறை அது. தீர்த்தமலை அடிவாரத்தில் ஒரு கல்யாணம் வந்தது. பந்தலில் பாதி நிழல், வாசலில் முழு வெயில். "இதுக்கு எடுக்காம வேற எதுக்கு எடுக்கறது?" என்றேன்.

பாய் நெடுநேரம் தாடியைத் தடவிவிட்டுச் சொன்னார்: "சரிம்மா, வெயிலும் தெரியட்டும், நிழலும் தெரியட்டும். வீடியோ மட்டும் திரும்பி வந்துச்சுன்னா, நீ மறுபடி ஆல்பம் ஒட்டற மேசையிலதான் தெரிவ."

சாம்பல் கல்யாணம்

மூன்று நிமிட முன்னோட்டத்தை மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பினேன். எச்.டி.ஆர். புரியாத போன்களுக்காகச் சாதாரணப் பிரதி ஒன்று தனியாக எடுத்திருக்க வேண்டும்தான். ஒப்புக்கொள்கிறேன், இங்கே மட்டும். அவர்கள் அதைச் சொந்தக்காரர்கள் குரூப்பில் போட, எல்லார் போனிலும் கல்யாணமே அடுப்புச் சாம்பல் பூசியதுபோல வெளுத்துப்போனது. அரக்குப் பட்டு, மழையில் ஊறிய செங்கல் ஆகிவிட்டது.

அந்தப் புடவையைக் கடை கடையாக ஏறித் தேர்ந்தெடுத்தவர் மாப்பிள்ளையின் அம்மா, காரிமங்கலம் சரோஜாம்மா. போனில் பிடித்துக்கொண்டார். படத்தில் தப்பில்லை, போனுக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை என்று பத்து நிமிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு கேட்டார்: "எனக்குப் புரியுதுங்க கண்ணு. ஆனா எங்க நாத்தனா, 'சாயம் போன புடவையா எடுத்த'ன்னு குரூப்புல கேக்கறாளே, அவளுக்கு யாருங்க பாடம் நடத்தறது?"

புடவையே நேரில் வந்தது

மறுநாள் மஞ்சப்பையில் அந்தப் புடவையோடு சரோஜாம்மா வந்துவிட்டார். கூடவே மருமகள் நித்யா. புடவையை என் திரைக்குப் பக்கத்தில் விரித்தோம். டியூப்லைட்டில் அது பழுப்பு. பாய் பக்கத்து நகைக்கடைக்குத் தூக்கிப்போனார். அந்த மஞ்சள் விளக்கில் ஆரஞ்சு. "சூரிய வெளிச்சம்தாங்க உண்மையான நிறம் காட்டும்!" என்று நான் அதை ரோட்டுக்கே கொண்டுபோனேன். தக்காளிச் சிவப்பில் தகதகவென்று இருந்தது. டீக்கடையிலிருந்து எழுந்து வந்த நான்கு பேர் நான்கு நிறம் சொன்னார்கள். நான் நான்கு பேரோடும் சண்டை போட்டேன்.

நித்யா புடவையை மடித்துக்கொண்டே சொன்னாள்: "அக்கா, எனக்குத் தாலி கட்டுனது பந்தல் நெழல்லதாங்க. ரோட்டுல வெச்சு யாரும் கட்டல."

சின்ன யானை

அந்தப் பெண் சொன்னது சரி. எனக்குத்தான் அது தோன்றவில்லை. பந்தல் நிழலையே அளவாக வைத்து முழுப் படத்தையும் மறுபடி செய்தேன். போனுக்கு ஒன்று, டிவிக்கு ஒன்று. போனில் அரக்கு அரக்காகவே வந்தது. நாத்தனார் வாயடைத்துப்போனார் என்று தகவல். ஆனால் சரோஜாம்மா வீட்டு டிவியில் புடவை மிளகாய்ப்பழமாக எரிந்ததாம். மணமக்கள் முகத்து மஞ்சள் கேசரி ஆகிவிட்டதாம். "கோளாறு எங்ககிட்ட இல்லைங்க, உங்க டிவியிலதான்" என்று போனிலேயே தீர்ப்புச் சொன்னேன்.

மறுநாள் ஸ்டுடியோ வாசலில் ஒரு சின்ன யானை வண்டி வந்து நின்றது. பின்னால் போர்வை சுற்றிய பெரிய டிவி, அதைக் கட்டிப்பிடித்தபடி மாப்பிள்ளை. முன்சீட்டிலிருந்து நித்யாவும் மஞ்சப்பையுமாக இறங்கிய சரோஜாம்மா சொன்னார்: "எங்க வூட்டு டிவியிலதான் கோளாறுன்னீங்கல்ல? இந்தாங்க, சரி பண்ணிக் குடுங்க. சாயங்காலம் சீரியலுக்குள்ள வூட்டுக்குப் போவணும்."

பசை டப்பா

டிவியை மேசைமேல் ஏற்றினோம். பாய் ஆல்பம் மேசைப் பக்கம் போய், பசை டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தபடி நின்றார். ரிமோட்டை வாங்கிப் பார்த்தேன். நினைத்தது சரி: கடையில் வாங்கிய நாளிலிருந்து 'விவிட்' என்ற பகட்டு அமைப்பிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. 'சினிமா'வுக்கு மாற்றினேன். அச்சு அசல் அரக்கு! மஞ்சப்பையிலிருந்து புடவையை எடுத்து டிவிமேல் பிடித்துக் காட்டினேன். எனக்கு நானே கைதட்டாத குறை.

சரோஜாம்மா தலையைச் சாய்த்துப் பார்த்தார். "புடவ சரிங்க. நான் ஏன் கருத்துட்டேன்?" எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "உங்க நிறத்துக்கு என்னங்க குறை? பெண்ணுன்னா வெளுப்பாத்தான் இருக்கணுமா?" என்று ஆரம்பித்தேன். நித்யா என் பக்கம், மாப்பிள்ளை எந்தப் பக்கமும் இல்லை. நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது சரோஜாம்மா திரையைத் தொட்டுக் காட்டினார். அவர் பந்தல் நிழலில் நிற்கிறார். இரண்டடி தள்ளி வெயிலில், பல்லெல்லாம் மின்ன, நாத்தனார்.

"எம்மேல வெள்ளையடிக்கச் சொல்லலைங்க கண்ணு. நான் இப்படியே இருந்துக்கறேன். அவளக் கொஞ்சம் கொறைங்க."

பாய் பசை டப்பாவை அரை அங்குலம் தூக்கினார்.

உண்மையான நிறத்துக்காகப் பாய், டீக்கடை, டிவி என்று ஒருவர் பாக்கியில்லாமல் சண்டை போட்ட நான், கடைசியில் என் நாற்காலியைக் காப்பாற்றிக்கொண்டது, ஒரு பாவமும் அறியாத நாத்தனார்மேல் விழுந்த தீர்த்தமலை வெயிலைக் கொஞ்சம் இறக்கிவைத்துத்தான்.