பதினோரு பேர் கையெழுத்திட்ட நோட்டீஸ்

சாரதாம்பாளுக்கு அறுபத்திரண்டு வயது. மதுரையில் தெற்கு மாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. தொலைபேசி அலுவலகத்தில் முப்பத்து மூன்று வருஷம் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். நகை, புடவை மேலெல்லாம் அவருக்குப் பெரிய ஆசை கிடையாது. ஆசையெல்லாம் நூறு வருஷத்துக்கு முந்தைய அச்சுக் காகிதங்கள் மேல்தான். ரோஸ் தாளில் அடித்த நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, சீமைத் துணிக் கட்டுகளில் ஒட்டி வந்த வண்ணப்பட லேபிள், சோப்பு விற்றவர்களின் விளம்பரம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுக்குப் பிந்தியது என்றால் தொடவே மாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் மாடி அறையில் பாய் விரித்து ஒவ்வொன்றாகப் பரப்புவார். தாளைத் திருப்பிப் பின்பக்கத்தை விரலால் தடவிப் பார்ப்பார். அந்தக் காலத்து எழுத்து அழுந்தி விழுந்து மறுபக்கம் புடைத்திருக்கும். 'அழுகிற குழந்தைகளைக் கொண்டுவரலாகாது' என்று ஒரு நாடக நோட்டீஸில் இருந்ததை எத்தனை தடவை வாசித்தாலும் அவருக்குச் சிரிப்பு வரும். கணவர் லட்சுமிநாராயணன் கீழேயிருந்து, "இன்னைக்கு என்ன நாடகம்?" என்று கேட்பார்.

பதினெட்டு வருஷச் சேகரிப்பு நான்கு தகரப் பெட்டிகளில் இருந்தது. கோயம்புத்தூரில் மகள் வித்யாஸ்ரீயின் இரண்டாவது பிரசவத்துக்குப் போய் மூன்று மாதம் கழித்து அவர் திரும்பியபோது மாடி அறையில் பனியன் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. தகரப் பெட்டிகள் காலியாக மொட்டைமாடியில் கிடந்தன.

கணவரின் தம்பி வெங்கடேஷ்பாபு செய்த வேலை அது. அதே வீட்டில் கீழ்ப் பாகத்தில் குடியிருந்தான். ரெடிமேடு கடை வைத்திருந்தான்.

"பூச்சி வந்துருச்சு அண்ணி. சரக்கு வைக்க எடமும் வேணும். எடைக்குப் போட்டுட்டேன். வெறும் பேப்பருதான, அதுக்கா இம்புட்டு?" என்றான்.

அவன் இதைத் தமிழில் சொல்லவில்லை. அவர்கள் வீட்டுப் பேச்சு சௌராஷ்டிரம். சாரதாம்பாள் தமிழில் பதில் சொன்னார். "சரி பாபு. நீ போ." அன்றிலிருந்து அவனிடம் ஒரு வார்த்தைகூட வீட்டுப் பாஷையில் பேசவில்லை. அந்த வீட்டில் பால்காரரிடமும் சிலிண்டர் போட வருகிறவரிடமும்தான் தமிழ் பேசுவார்கள். இனி நீ எனக்கு அவ்வளவுதான் என்று அதற்கு அர்த்தம். வெங்கடேஷ்பாபுவுக்கு அது புரிய ஒரு வாரம் ஆனது.

மறுநாளே அவர் பழைய பேப்பர் கடைகளாக ஏறி இறங்கினார். பழங்காநத்தத்தில் ஜெயக்கொடி என்ற பெண் நடத்தும் கடைக்குத்தான் அந்த லோடு போயிருந்தது.

"மில்லுக்குப் போயி ரெண்டு மாசமாச்சுக்கா. இந்நேரம் கூழாக்கி அட்டையாவே வந்துருக்கும்" என்றாள் ஜெயக்கொடி. சாரதாம்பாளின் முகத்தைப் பார்த்துவிட்டு, "இனி பழசு ஏதும் வந்தா உங்களுக்குப் போன் போடுறேன்" என்றாள்.

சொன்னபடி போன் போட்டாள். மூன்றாவது வருஷம் திருப்பரங்குன்றத்தில் ஒரு பழைய வக்கீல் வீட்டை இடித்தபோது வந்த கட்டு ஒன்றை எடுத்து வைத்திருந்தாள். அதைப் பிரித்துப் பார்த்துக்கொண்டே வந்த சாரதாம்பாள், நடுவில் ஒரு மஞ்சள் நோட்டீஸைப் படித்ததும் எடை மேடையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்திரண்டில் அச்சிட்டது. சீமைத் துணிக் கடைகளின் முன்னால் மறியல் செய்யும் 'துஷ்டர்களை' சர்க்கார் தாட்சண்யமின்றி அடக்க வேண்டும் என்று ஜவுளி வியாபாரிகள் பதினோரு பேர் கேட்டிருந்தார்கள். முதல் பெயர் கே. ஆர். நாகசாமி. பெயருக்குக் கீழே கடை விலாசமும் இருந்தது.

நாகசாமி, லட்சுமிநாராயணனுக்கும் வெங்கடேஷ்பாபுவுக்கும் தாத்தா. தன் கடைச் சீமைத் துணியை எல்லாம் தெருவில் போட்டுக் கொளுத்தினார், கதருக்காகச் சொத்தை இழந்தார் என்பது அந்தக் குடும்பத்தின் பெருமை. வெங்கடேஷ்பாபு கடை விளம்பரத்திலேயே அதைப் போடுவான்.

"என்னக்கா, நல்ல சாமானா?" என்றாள் ஜெயக்கொடி.

"ரொம்ப நல்ல சாமான்."

வீட்டுக்கு வந்து கணவரிடம்கூடச் சொல்லவில்லை. பீரோவில் புடவைகளுக்கு நடுவே வைத்துவிட்டுக் காத்திருந்தார். அடுத்த வருஷம் வெங்கடேஷ்பாபு கப்பலூர் பக்கம் நெடுஞ்சாலையில் இரண்டாவது கடை திறக்க ஏற்பாடு செய்தான். தாத்தா பேரில் ஏதாவது செய்ய வேண்டும் என்று அண்ணியிடமே யோசனை கேட்க வந்தான்.

"கல்வெட்டு வச்சிரு. தாத்தா படத்தோட" என்றார் சாரதாம்பாள். "கதர்ப் பெரியவர் யாராச்சும் தெறந்தா பொருத்தமா இருக்கும். டி. கல்லுப்பட்டி காந்தி ஆசிரமத்துல விசாரி."

தமிழில்தான் பேசினார் என்றாலும், அண்ணிக்குக் கோபம் தணிந்துவிட்டது என்று அவன் சந்தோஷப்பட்டான். கல்வெட்டு வாசகத்தையும் அவரே எழுதிக் கொடுத்தார். அவன் 'தேசபக்தர்' என்று போட்டிருந்ததை அடித்துவிட்டு 'தியாகச் செம்மல்' என்று மாற்றினார்.

நோட்டீஸை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கலாமா என்று இரண்டு நாள் யோசித்தார். கள்ளத்தனமாக அடித்தது என்று சொல்லிவிடுவான். அசலையே கண்ணாடிச் சட்டம் போட்டு, பரிசுத் தாளில் சுற்றினார்.

திறப்பு விழா காலை பத்து மணிக்கு. சொந்தக்காரர்கள், கடைக்காரர்கள் என்று நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். இன்பசேகரன் என்ற எண்பத்து மூன்று வயதுக் கதர் ஊழியர் கல்வெட்டைத் திறந்து வைத்தார். கைதட்டல் ஓய்ந்ததும் சாரதாம்பாள் மேடைக்குப் போய்ப் பெரியவரிடமே சட்டத்தைக் கொடுத்தார்.

"இவங்க தாத்தா காலத்து நோட்டீஸ், ஐயா. நீங்க வாசிச்சா எல்லாரும் கேப்பாங்க."

பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மைக்கில் நிதானமாக வாசித்தார். பாதியில் ஒருமுறை தலை நிமிர்ந்து சாரதாம்பாளைப் பார்த்தார். ஆனாலும் நிறுத்தவில்லை. கடைசியில் பெயர்களுக்கு வந்து முதல் பெயரை வாசித்துவிட்டுக் கல்வெட்டைத் திரும்பிப் பார்த்தார். சட்டத்தை நாற்காலியில் வைத்தார். போட்டிருந்த மாலையைக் கழற்றி அதன்மேல் வைத்தார்.

"எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு தம்பி" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

வெங்கடேஷ்பாபு அண்ணியின் பக்கத்தில் வந்து நின்றான். "எம்புட்டு நாளா இதை வச்சிருந்தீங்க?" என்று கேட்டான். அவனும் தமிழில்தான் கேட்டான்.

"பதினாலு மாசம்."

அந்த வாரமே கல்வெட்டின் மேல் பனியன் விளம்பரப் பலகை ஏறியது. லட்சுமிநாராயணன் ஒன்பது நாள் மனைவியிடம் பேசவில்லை. "எனக்கும் அவர் தாத்தாதான" என்பதுதான் பத்தாம் நாள் அவர் சொன்ன முதல் வார்த்தை. வித்யாஸ்ரீ போனில் அழுதாள்.

"மாமியார் வீட்ல என் முகத்துக்கு நேரா கேக்குறாங்கம்மா. இப்ப உனக்கு நிம்மதியா?"

"நிம்மதிதான்" என்றார் சாரதாம்பாள். பொய்யில்லை. மூன்று மாதம் நன்றாகச் சாப்பிட்டார், நன்றாகத் தூங்கினார். வெங்கடேஷ்பாபு தன் மகன் கல்யாணத்துக்கு அவர்களை அழைக்கவில்லை என்பதுகூட அவரை உறுத்தவில்லை.

உறுத்தியது வேறு. அந்த மாதிரி நோட்டீஸ் இன்னொன்று கிடைக்குமா என்று தேடியதில், எங்குமே இல்லை என்று தெரிந்தது. அவர் கைக்கு வந்ததிலேயே அரிய காகிதம் அதுதான். அதைப் போய்த் தூக்கிக் கொடுத்துவிட்டோமே என்று ஞாயிற்றுக்கிழமைகளில் பாயை விரிக்கவே மனசில்லாமல் போனது. கடைசியில் வெட்கத்தை விட்டு, தம்பியிடம் கேட்டு வாங்கி வரும்படி கணவரை அனுப்பினார்.

லட்சுமிநாராயணன் வெறும் கையோடு வந்தார். "அன்னைக்கே கிழிச்சு எரிச்சுட்டானாம்."

சாரதாம்பாள் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. நான்கு பெட்டி போனபோதுகூட அழாதவர் அன்று அழுதார். மறுநாள் காலை முகம் கழுவி, புடவை மாற்றிக்கொண்டு பழங்காநத்தத்துக்கு பஸ் ஏறினார்.

"ஒரு பேரு எழுதித் தாரேன் ஜெயக்கொடி" என்றார். "கே. ஆர். நாகசாமி. ஜவுளிக்கடை. எந்தத் துண்டுப் பேப்பர்ல இந்தப் பேரு இருந்தாலும் எனக்கு எடுத்து வையி."

"நல்லதா இருந்தாலா, கெட்டதா இருந்தாலாக்கா?"

"கெட்டது இருந்தா உடனே போன் போடு."