மயிலம் கடை எதற்குள் இருக்கிறது?

திண்டிவனத்தில் அண்ணனுக்கும் மயிலத்தில் தம்பிக்கும் ஒரே பெயரில் விதைக்கடை. இன்று அவர்களுக்கு நான் செய்துதரும் இணையதளத்தில் தம்பி கடைக்கு சப்டொமைன், அதாவது கிளை முகவரி, போட்டேன்: மயிலம் டாட் திண்டிவனம் டாட் கடைப்பெயர்.

உடனே தம்பி போன் செய்தார்.

"என் கடைக்கும் கம்பெனி பேருக்கும் நடுவுல அண்ணன் கடை எதுக்குங்க நின்னுக்கினு இருக்குது?"

"வெறும் விலாசம்தாங்க. நிலத்துல உட்பிரிவு நம்பர் போடுற மாதிரி."

உட்பிரிவு என்றதும் குரல் மாறிவிட்டது.

"அப்ப பட்டா யார் பேர்ல? நாளைக்கு அண்ணன் அவரோடத அழிச்சா, என்னோடது இருக்குமா?"

சிரித்துக்கொண்டே இணையதளத்தின் ஃபைல்களைத் திறந்து பார்த்தேன். மயிலம் ஃபோல்டர், திண்டிவனம் ஃபோல்டருக்குள் இருந்தது. அதை அழித்தால் இதுவும் போகும்.

சிரிப்பு நின்றுவிட்டது.

இப்படித்தான் வேண்டும் என்று தாளில் படம் போட்டுக் கொடுத்தவர் அண்ணன். "எனக்குக் கம்ப்யூட்டர்ல ஒண்ணும் தெரியாதுங்க" என்று சொல்லிக்கொண்டே போட்டார்.

தம்பி இன்னும் லைனில் இருக்கிறார். என்ன சொல்லட்டும்?